கேத்தலின் அடியிலே ஒரு காவலன்

யாழ்ப்பாணத்துக் கிணற்று நீரைக் காய்ச்சும் வீடுகளில், கேத்தலின் அடியிலே வெண்ணிறப் பொருக்கு ஒன்று படிந்திருப்பதை எமது வாசகர்கள் கண்டிருப்பர். சுரண்டினால் சுண்ணாம்புபோல் உதிரும். விட்டுவைத்தால் நாளுக்கு நாள் தடித்துக்கொண்டே போகும். தேசிக்காய்ச் சாற்றையோ பழப்புளியையோ இட்டு அதனைத் தேய்த்துக் கழுவுவது இல்லத்தரசிகளுக்கு ஓயாத வேலை. இந்தப் பொருக்கைப் பற்றி நல்லதாக ஒரு சொல் எழுத நேருமென்று நாம் ஒருபோதும் எண்ணியதில்லை.

சில வாரங்களுக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலையில் எமது பழைய நண்பர் ஒருவரின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். முற்றத்திலே நல்ல தண்ணீர்க் கிணறு உள்ள வீடு அது. ஆனால் கூடத்தின் மூலையிலோ விலைக்கு வாங்கிய தண்ணீர் பெரிய பிளாஸ்டிக் கலங்களிலே வரிசையாக இருந்தது. காரணம் கேட்டோம்.

"தண்ணீரிலே கண்ணுக்குத் தெரியாத பிளாஸ்டிக் கலந்திருக்கிறதாம். சின்னவனுக்கு இப்போதுதான் நாலு வயது. அவன் குடிக்கிற தண்ணீரிலே காசைப் பார்க்கலாமோ?" என்றார் நண்பர்.

உயர்தர வகுப்பில் விஞ்ஞானம் படிக்கும் அவருடைய மூத்த மகள் உடனே குறுக்கிட்டாள்: "அப்பா, போத்தல் தண்ணீரிலேதான் அது கூட இருக்கிறதென்று நான் வாசித்தேன். மாமா, நீங்கள் சொல்லுங்கள். எது உண்மை?"

அன்று எமக்கு மறுமொழி சொல்லத் தெரியவில்லை. வீடு திரும்பியபின் விஞ்ஞானிகள் இதுபற்றி வெளியிட்டவற்றைத் தேடிப் படித்தோம். அந்தப் பிள்ளைக்குப் பின்னர் எடுத்துச் சொன்னவற்றையே இங்கும் எழுதுகின்றோம். குடும்பத்தின் நலனும் குடும்பத்தின் பணமும் ஒருங்கே சம்பந்தப்பட்ட விடயம் இது.

நுண்பிளாஸ்டிக் என்பது யாது?

பிளாஸ்டிக் மனிதனுக்குப் புதிய பொருள். பொலித்தீனை 1933 ஆம் ஆண்டிலே இங்கிலாந்தின் செஷயர் பகுதியில் இரசாயன அறிஞர் இருவர், வேறொரு சோதனை செய்யப் போய்த் தற்செயலாகக் கண்டனர். இன்று நாம் காணும் பளிங்கு போன்ற தண்ணீர்ப் போத்தல் 1973 ஆம் ஆண்டிலேதான் காப்புரிமை பெற்றது. இலை உக்கும், மரம் உக்கும், இரும்புகூடத் துருப்பிடித்து மண்ணோடு மண்ணாகும். பிளாஸ்டிக்கோ எளிதில் உக்குவதில்லை. வெயிலாலும் அலையாலும் உராய்வினாலும் உடைந்து, உடைந்தது மீண்டும் உடைந்து, மேலும் மேலும் சிறிதாகிக்கொண்டே போகின்றது.

இங்கிலாந்தின் பிளிமத் பல்கலைக்கழகத்து அறிஞர் றிச்சர்ட் தொம்சனும் அவரது குழுவினரும் 2004 ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வுக் கட்டுரையின் பின்னரே 'நுண்பிளாஸ்டிக்' என்னும் பெயர் உலகெங்கும் பரவியது. 5 மில்லிமீற்றருக்குக் குறைந்த துண்டுகளை இப்பெயரால் அழைக்கின்றனர். ஒரு மில்லிமீற்றரை ஆயிரங் கூறாக்கினால் ஒரு கூறு ஒரு மைக்கிரோமீற்றர். எமது தலைமயிரின் தடிப்பு ஏறத்தாழ 70 மைக்கிரோமீற்றர் எனலாம். ஒரு மைக்கிரோமீற்றருக்கும் குறைந்த துகள்களுக்கு 'நனோபிளாஸ்டிக்' என்று பெயர். வெறுங் கண்ணால் அவற்றைக் காண இயலாது.

2021 ஆம் ஆண்டு மே மாதத்திலே கொழும்புக்கு அப்பால் கடலிலே தீப்பற்றி, ஜூன் மாதத்தில் மூழ்கிய 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' கப்பலை எமது வாசகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். அக்கப்பலில் ஏறத்தாழ 1,680 தொன் பிளாஸ்டிக் மணிகள் இருந்தன. மேற்குக் கரையோரத்தில் அவை வெண்பனிபோலக் குவிந்து கிடந்ததை நாடே கண்டது. அந்த மணிகளைச் சல்லடை கொண்டு அரித்தெடுக்கலாம். குடிநீரில் உள்ளவையோ அவற்றிலும் ஆயிரம் மடங்கு சிறியவை. செயற்கை நூலாடைகளைத் துவைக்கும் நீர், தெருவிலே தேயும் வாகனச் சில்லுகள், குப்பைமேடுகள், காற்றிற் பறக்கும் தூசி ஆகியவற்றிலிருந்து ஆற்றுக்கும் குளத்துக்கும் திறந்த கிணற்றுக்கும் அவை வந்து சேருகின்றன.

அஞ்ச வேண்டியது எவ்வளவு?

நெதர்லாந்தின் அம்ஸ்ரடாம் நகரத்து ஆய்வாளர்கள் 2022 ஆம் ஆண்டில் 22 பேரின் இரத்தத்தைச் சோதித்தனர். அவர்களுள் 17 பேரின் இரத்தத்திலே பிளாஸ்டிக் காணப்பட்டது. 2024 ஆம் ஆண்டு மார்ச் மாதத்தில் இத்தாலிய மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வு இன்னும் கவனத்துக்குரியது. கழுத்து நாடியில் அடைப்பு ஏற்பட்டுச் சத்திர சிகிச்சை செய்துகொண்ட 257 நோயாளரை அவர்கள் ஏறத்தாழ மூன்று ஆண்டுகள் அவதானித்தனர். நாடியிலிருந்து அகற்றிய கொழுப்புப் படிவிலே 150 பேருக்குப் பொலித்தீன் துகள்கள் இருந்தன. அவர்களுக்கு மாரடைப்போ, பாரிசவாதமோ, மரணமோ நேரும் அபாயம் மற்றையோரிலும் நாலரை மடங்கு அதிகமாக இருந்தது.

இதனைக் கேட்டவுடன் நடுங்க வேண்டியதில்லை. இரண்டு விடயங்கள் ஒன்றாகக் காணப்பட்டன என்பதையே இந்த ஆய்வு காட்டிற்று; ஒன்றே மற்றதற்குக் காரணம் என அது நிறுவவில்லை. அந்த மருத்துவர்களே அதனை ஒப்புக்கொண்டுள்ளனர். ஒவ்வொரு கிழமையும் ஒரு கடனட்டையின் நிறையளவு பிளாஸ்டிக்கை நாம் உண்கின்றோம் என்று 2019 ஆம் ஆண்டில் ஒரு செய்தி உலகெங்கும் பரவியது. பின்னர் வந்த கணக்கீடுகள் அந்த அளவு மிகையென்று காட்டின.

உலக சுகாதார நிறுவனம் 2019 ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதத்தில் குடிநீரிலுள்ள நுண்பிளாஸ்டிக் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டது. 150 மைக்கிரோமீற்றரிலும் பெரிய துகள்கள் உடலில் உறிஞ்சப்படாமலே வெளியேறிவிடக்கூடும் என்றும், மிகச் சிறியவை பற்றி மேலும் ஆராய வேண்டுமென்றும் அது கூறிற்று. அத்துடன் மற்றொன்றையும் வலியுறுத்திற்று: குடிநீரிலே மனிதனுக்கு முதற்பகை நோய்க்கிருமியே. பிளாஸ்டிக்குக்கு அஞ்சி ஒருவர் கிருமியை மறப்பாராயின், நரிக்குப் பயந்து புலியின் குகைக்குள் புகுந்தவர் ஆவார்.

எனவே அச்சம் வேண்டா, அவதானம் வேண்டும். செலவில்லாமலும் கேடில்லாமலும் குறைக்கக்கூடியதைக் குறைத்துக்கொள்வது அறிவுடைமை.

போத்தல் நீர் அடைக்கலமாகுமா?

இப்போது நண்பரின் கூடத்திலிருந்த கலங்களுக்கு வருவோம். அமெரிக்காவிலே பிரடோனியா நகரிலுள்ள நியூயோர்க் மாநிலப் பல்கலைக்கழகத்தில் ஷெரி மேசன் என்ற அம்மையார் 2018 ஆம் ஆண்டில், ஒன்பது நாடுகளில் வாங்கிய 259 தண்ணீர்ப் போத்தல்களைச் சோதித்தார். அவற்றுள் நூற்றுக்கு 93 போத்தல்களில் நுண்பிளாஸ்டிக் இருந்தது. அதற்கு முன்னர் குழாய் நீரிலே கண்ட அளவிலும் இது ஏறத்தாழ இரு மடங்கு. மூடியைத் திருகித் திறப்பதும் அடைப்பதுங்கூடத் துகள்களை உதிர்க்கும்.

2024 ஆம் ஆண்டு ஜனவரியில் கொலம்பியாப் பல்கலைக்கழகத்தார் லேசர் ஒளியைக் கொண்டு இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்தனர். அமெரிக்காவில் விற்கப்படும் மூன்று வகைப் போத்தல் நீரில், லீற்றர் ஒன்றுக்குச் சராசரி 240,000 துகள்கள் இருந்தன! அவற்றுள் நூற்றுக்குத் தொண்ணூறு நனோபிளாஸ்டிக். போத்தல் செய்யப்பட்ட பிளாஸ்டிக் மட்டுமன்றி நைலோன் இனத்துப் பிளாஸ்டிக்கும் அங்கே காணப்பட்டது. நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டியிலிருந்தே அது வந்திருக்கலாம் என அவர்கள் கருதினர்.

குழந்தைகளுள்ள வீடுகளுக்கு ஒரு வார்த்தை. டப்ளின் நகரத்து டிரினிற்றிக் கல்லூரி ஆய்வாளர்கள் 2020 ஆம் ஆண்டில் குழந்தைகளின் பிளாஸ்டிக் பாற்போத்தல்களைச் சோதித்தனர். 70 பாகை வெந்நீரை ஊற்றிக் குலுக்கியபோது, சில போத்தல்களில் லீற்றர் ஒன்றுக்கு 1 கோடியே 60 இலட்சம் துகள்கள்வரை உதிர்ந்தன. ஆகவே பால்மாவைக் கண்ணாடிப் பாத்திரத்திலோ உலோகப் பாத்திரத்திலோ வெந்நீரிற் கரைத்து, இளஞ்சூட்டுக்கு ஆறியபின் போத்தலில் ஊற்றுவதே நன்று. இதற்கு ஒரு சதமும் செலவில்லை.

மணல் கற்பித்த பாடம்

நுண்ணிய துகளை நீரிலிருந்து பிரிக்கும் கலை புதியதன்று. 1892 ஆம் ஆண்டில் ஜேர்மனியின் ஹம்பேர்க் நகரத்தில் வாந்திபேதி பரவி ஏறத்தாழ 8,600 பேர் மாண்டனர். அதனை ஒட்டியே இருந்த அல்ரோனா நகரமும் அதே எல்பே ஆற்று நீரையே குடித்தது. அதுவும் ஹம்பேர்க்கின் கழிவு கலந்தபின் வரும் நீரை! எனினும் கொள்ளைநோய் அல்ரோனாவின் எல்லைவரை வந்து நின்றுவிட்டது. அல்ரோனா தன் நீரை மணற்படுகையில் வடித்தது; ஹம்பேர்க் வடிக்கவில்லை. வேற்றுமை அவ்வளவே. கிருமியியலறிஞர் றொபேட் கொக் இதனை எடுத்துக்காட்டியபின் உலக நகரங்கள் யாவும் மணல் வடியின் பெருமையை உணர்ந்தன.

இன்றைய நீர்ச்சுத்திகரிப்பு நிலையங்களிலும் மணலே முதுகெலும்பு. முதலில் படிகாரம் போன்ற ஒன்றை நீரிற் கலப்பர். நீரில் மிதக்கும் அழுக்குத் துகள்கள் பெரும்பாலும் எதிர்மின்னேற்றம் உடையவை. ஆதலால் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு அடையாமல் நிற்கும். படிகாரம் அம்மின்னேற்றத்தை நீக்கவே, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டித் திரண்டு அடியில் இறங்கும். எஞ்சியதை மணல் பிடித்துக்கொள்ளும். எமது முன்னோர் கலங்கல் நீர் எடுத்த பானையின் உட்புறத்திலே தேற்றாங்கொட்டையை உரைத்தது இதற்காகவே. சிங்கள மக்கள் அதனை 'இங்கினி' என்பர்.

இம்முறை பிளாஸ்டிக்குக்கும் உதவுகின்றது. செக் நாட்டிலே மூன்று சுத்திகரிப்பு நிலையங்களை ஆராய்ந்து 2018 ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, உள்ளே வந்த நீரில் லீற்றர் ஒன்றுக்கு 1,473 முதல் 3,605 வரை துகள்கள் இருந்தன; வெளியே சென்ற நீரில் 338 முதல் 628 வரை எஞ்சின. நன்கு நடத்தப்படும் நிலையங்கள் இத்தகைய துகள்களைத் திறம்பட அகற்ற வல்லன என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கருத்து. எஞ்சியதை வீட்டிலே என்ன செய்யலாம்? கிணற்று நீர் குடிக்கும் வீடுகள், சுத்திகரிப்பு நிலையமே இல்லாத வீடுகள், என்ன செய்யலாம்? இங்கேதான் கேத்தல் வருகின்றது.

குவாங்சோ நகரத்துக் கேத்தல்

சீன நாட்டின் தென்பகுதியில் உள்ளது குவாங்சோ மாநகரம். நீரைக் காய்ச்சிக் குடிப்பது சீனருடைய பழைய வழக்கம். அவ்வழக்கத்தால் பிளாஸ்டிக் குறைகின்றதோ என்று அந்நகரத்து ஆய்வாளர்கள் சோதித்து, 2024 ஆம் ஆண்டு பெப்ரவரியில் முடிவுகளை வெளியிட்டனர். பொலித்தீன், பொலிபுறொப்பிலீன், பொலிஸ்டைரீன் ஆகிய மூன்று வகைத் துகள்களை நீரிற் கலந்து ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டனர். பின்னர் நீரிலே மிதந்த துகள்களை எண்ணினர். 0.1 முதல் 150 மைக்கிரோமீற்றர் வரையிலான துகள்களில் நூற்றுக்கு எண்பதும் அதற்கு மேலும் மறைந்துவிட்டன!

அவை எங்கே போயின? கேத்தலின் வெண்பொருக்குக்குள்ளே போய் அடங்கிவிட்டன.

இதன் விளக்கம் எமது மாணவர்கள் பாடசாலையிலே படித்ததுதான். சுண்ணக்கல்லினூடே ஊறிவரும் நீரில் கல்சியம் இருகாபனேற்று கரைந்திருக்கும். அத்தகைய நீரே வன்னீர். அதனைக் கொதிக்கவைத்தால் காபனீரொட்சைட்டு வாயு வெளியேற, கல்சியம் காபனேற்று கரையாத பளிங்குகளாக உருவாகும். எந்தப் பளிங்கும் உருவாவதற்குப் பற்றிக்கொள்ள ஓர் இடம் தேடும். நீரில் மிதக்கும் பிளாஸ்டிக் துகள் அந்த இடத்தைக் கொடுக்கின்றது. பளிங்கு துகளைச் சுற்றி வளர்ந்து அதனைச் சிறைப்படுத்திக்கொண்டு அடியிலே படிகின்றது. இல்லத்தரசிகள் சலித்துக்கொண்ட பொருக்கு, சொல்லாமற் கொள்ளாமல் காவல் செய்திருக்கின்றது.

ஆனால் எல்லா நீருக்கும் இப்பேறு இல்லை. லீற்றர் ஒன்றில் 300 மில்லிகிராம் கல்சியம் காபனேற்று உள்ள வன்னீரில் நூற்றுக்குத் தொண்ணூறு துகள்கள் நீங்கின. 180 மில்லிகிராம் உள்ள நீரில் 84. 80 மில்லிகிராம் உள்ள நீரில் 34 மாத்திரமே. 60 மில்லிகிராமுக்கும் குறைந்த மென்னீரில் ஏறத்தாழ நாலில் ஒரு பங்கே நீங்கிற்று.

யாழ்ப்பாணக் குடாநாடு முழுவதும் சுண்ணக்கற் பாறைமேல் அமைந்தது. எமது கிணற்று நீர் வன்னீராக இருப்பதும், சவர்க்காரம் எளிதில் நுரைக்காததும் அதனாலேயே. மலைநாட்டு அருவிகளும், கொழும்புக்கு நீரளிக்கும் களனி கங்கையும் மென்னீர். ஆகவே குடாநாட்டுக் கேத்தல் செய்யும் வேலையை நுவரெலியாக் கேத்தல் செய்யமாட்டாது. நுவரெலியாவில் உள்ளோரும் கிருமியை அழிப்பதற்காகக் காய்ச்சத்தான் வேண்டும். பிளாஸ்டிக்கை அகற்றுவதற்கு வேறு வடியையும் நாட வேண்டும்.

பருத்திச் சேலையின் பயன்

காய்ச்சியபின் செய்ய வேண்டியதும் ஒன்றுண்டு. பொருக்கு முழுவதும் அடியில் ஒட்டுவதில்லை. சிறு செதில்களாக நீரிலும் மிதக்கும். அவற்றையும் சேர்த்து ஊற்றினால் பட்ட பாடு வீண். நீரை அசையாது ஆறவிட்டு, அடிமண்டியைத் தவிர்த்து மேல்நீரை மெல்ல ஊற்றி வடிக்க வேண்டும். கோப்பி வடிக்கும் மென்தாள் இதற்குப் போதுமென்கின்றனர் சீன ஆய்வாளர்.

கோப்பித்தாள் இல்லாத வீட்டில்? பங்களாதேசத்துக் கிராமங்களில் றீற்றா கொல்வெல் என்ற அமெரிக்க விஞ்ஞானி அம்மையார் நடத்திய ஆய்வு இங்கே வழிகாட்டுகின்றது. பழைய பருத்திச் சேலையை நாலு மடிப்பாகவும் அதற்கு மேலும் மடித்துக் குடத்தின் வாயிற் கட்டி நீரை வடிக்கும்படி அங்குள்ள பெண்களுக்குக் கற்பித்தனர். அவ்வூர்களில் வாந்திபேதி நூற்றுக்கு 48 பங்கு குறைந்ததாக 2003 ஆம் ஆண்டில் வெளியான முடிவுகள் கூறின. கிருமி ஒட்டியிருக்கும் நீர்வாழ் நுண்ணுயிர்களை அம்மடிப்பு பிடித்துக்கொண்டது. மடித்த சேலையின் கண்கள் ஏறத்தாழ 20 மைக்கிரோமீற்றர் அகலமுடையவை. தனித்த பிளாஸ்டிக் துகள் அதனூடே நுழைந்து ஓடிவிடும். பொருக்குச் செதிலுக்குள் சிறைப்பட்ட துகள், செதில் பெரிதாயின் சேலையில் அகப்படும். சேலை பருத்தியாக இருத்தல் வேண்டும். நைலோன் சேலை தானே துகளை உதிர்க்கும்.

காய்ச்சும் பாத்திரம் உலோகமாக இருப்பதும், ஆறிய நீரை மண்பானையிலோ கண்ணாடியிலோ சில்வர்க் குடத்திலோ வைப்பதும் அவசியம். மின்சாரக் கேத்தல்கள் நீர் கொதித்தவுடன் தாமாகவே நின்றுவிடுவதால் ஐந்து நிமிடக் கொதி அவற்றில் வாய்ப்பதில்லை.

காய்ச்சுவதால் ஆகாதவை

கேத்தலைப் புகழ்ந்து அதன் குறையை மறைப்பது முறையன்று. கொதிக்கவைத்தல் உப்பை நீக்காது. நைத்திரேற்றையும் நீக்காது, நீர் ஆவியாகி வற்ற, எஞ்சிய நீரில் அவற்றின் செறிவு கூடவே செய்யும். வெங்காயம், மிளகாய், புகையிலைத் தோட்டங்களுக்கு இடும் உரத்தாலும் மலக்குழிகளாலும் குடாநாட்டுக் கிணறுகள் பலவற்றில் நைத்திரேற்று மிகுந்துள்ளது. உலக சுகாதார நிறுவனம் விதித்த எல்லை லீற்றருக்கு 50 மில்லிகிராம். கைக்குழந்தையின் இரத்தம் பிராணவாயுவை ஏந்தும் ஆற்றலை நைத்திரேற்று குறைத்துவிடும். ஆகவே கைக்குழந்தை உள்ள வீட்டார் கிணற்று நீரை ஒருமுறையேனும் பரிசோதிப்பித்தல் வேண்டும். கிணற்றிலே எண்ணெயோ வேறு மாசோ கலந்ததென ஐயமிருந்தால் கேத்தலை நம்பியிருத்தல் தகாது.

இத்தகைய இடங்களில் எதிர்ச் சவ்வூடுபரவல் என்னும் 'ஆர். ஓ.' முறை கைகொடுக்கும். மிகுந்த அழுத்தத்தில் நீரை ஒரு மென்சவ்வினூடே செலுத்தும் முறை இது. கரைந்த உப்பையே தடுக்கும் சவ்வு பிளாஸ்டிக் துகளையும் தடுக்கும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. 2024 ஆம் ஆண்டு ஓகஸ்டில் தாளையடியிலே திறக்கப்பட்ட நிலையம், கடல்நீரிலிருந்து நாளொன்றுக்கு 24,000 கன மீற்றர் குடிநீரை இம்முறையாலேயே ஆக்கும் ஆற்றலுடையது. வீட்டுக்கென விற்கப்படும் சிறு பொறிகளும் உண்டு. அவை விலை கூடியவை. ஒரு பங்கு நீரைக் கழிவாகத் தள்ளுபவை. சவ்வை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் பயன் குன்றுபவை. அச்சவ்வும் பிளாஸ்டிக் இனமே என்பதையும் நினைவிற் கொள்க. நீரில் உப்போ நைத்திரேற்றோ மிகுந்திருந்தால் அச்செலவு தகும். நுண்பிளாஸ்டிக் ஒன்றுக்காக மாத்திரம் கடன்பட்டு வாங்குதல் வேண்டா.

மாணவர்க்கு இரு செய்திகள்

அயர்லாந்தின் தென்மேற்குக் கரையோரத்துச் சிற்றூர் ஒன்றைச் சேர்ந்த பியன் பெரேய்ரா என்ற மாணவன், கடற்கரையிலே எண்ணெய் படிந்த கல் ஒன்றைக் கண்டான். அந்த எண்ணெயிலே பிளாஸ்டிக் துகள்கள் ஒட்டியிருந்தன. எண்ணெய் பிளாஸ்டிக்கை இழுக்குமாயின், எண்ணெயோடு இரும்பின் ஒட்சைட்டுத் தூளைச் சேர்த்து நீரிற் கலந்து, பின்னர் காந்தத்தால் யாவற்றையும் வெளியே இழுக்கலாமே என்று எண்ணினான். சோதனைகளில் நூற்றுக்கு 87 பங்குக்கு மேற்பட்ட துகள்கள் நீங்கின. 2019 ஆம் ஆண்டில், தன் பதினெட்டாவது வயதில், கூகிள் நிறுவனத்தின் உலக விஞ்ஞானப் போட்டியில் அவன் முதற்பரிசு பெற்றான்.

மற்றச் செய்தி எமது அடுக்களைக்கு அண்மையானது. அமெரிக்காவின் ரெக்சாஸ் மாநிலத்து ராள்ற்றன் பல்கலைக்கழகத்தில் ரஜனி சிறீனிவாசன் என்ற அம்மையாரின் குழுவினர் வெண்டிக்காய், வெந்தயம் ஆகியவற்றின் வழுவழுப்பான பசையைக் கொண்டு பிளாஸ்டிக் துகள்களைத் திரளச்செய்து அடையவைக்கின்றனர். 2025 ஆம் ஆண்டில் அவர்கள் வெளியிட்ட கணக்கின்படி நிலத்தடி நீரிலிருந்து வெந்தயப்பசை நூற்றுக்கு 89 பங்கையும், கடல்நீரிலிருந்து வெண்டிப்பசை 80 பங்கையும் நீக்கின. இவை ஆய்வுகூடத்து முடிவுகளே. வெந்தயத்தைக் கிணற்றிலே கொட்டிவிட்டால் நீர் தூய்மையாகுமென்று எவரும் எண்ணிவிட வேண்டா. தேற்றாங்கொட்டையை அறிந்த ஒரு மக்களின் பிள்ளைகளுக்கு இத்துறையில் ஆராய இடமுண்டு என்பதைச் சொல்லவே இதனைக் குறிப்பிட்டோம்.

மீண்டும் நண்பர் வீட்டில்

இவற்றையெல்லாம் எடுத்துச் சொல்ல நாம் மறுபடியும் நண்பர் வீட்டுக்குப் போனோம். அவருடைய மகள் கேட்டுக்கொண்டிருந்ததோடு நிற்கவில்லை. கிணற்று நீரை எடுத்துச் சில்வர்ப் பாத்திரத்தில் ஐந்து நிமிடம் கொதிக்கவைத்து ஆறவிட்டாள். அப்பாச்சியின் பழைய பருத்திச் சேலையில் ஒரு துண்டைத் துவைத்து, கொதிநீரில் அலசி, நாலாய் மடித்துக் கண்ணாடிச் சாடியின் வாயிற் கட்டி வடித்தாள். துணியிலே மெல்லிய வெண்படலம் ஒன்று தங்கிற்று. சின்னவன் அதை விரலால் தொட்டுப் பார்த்து, "மாவோ?" என்று கேட்டான்.

நண்பர் சிரித்தார். கிணற்று நீரைப் பரிசோதனைக்கு அனுப்பி, நைத்திரேற்று எல்லைக்குள் இருப்பதாக அறிந்தால் கலத்துத் தண்ணீரை நிறுத்திவிடுவதாகச் சொன்னார். முடிவு வரும்வரை சின்னவனுக்கு எந்தத் தண்ணீர் என்று அவருடைய மனைவி கேட்டார். இத்தனை காலமும் மூத்தவள் குடித்து வளர்ந்த அதே கிணற்று நீர்தான், காய்ச்சி வடித்தது, என்று நண்பர் மறுமொழி சொன்னார்.

மகளுக்கு மாத்திரம் ஒரு கேள்வி எஞ்சியிருந்தது. "மாமா, இந்தப் பொருக்கை இனி எங்கே கொட்டுவது? தேசிக்காய் விட்டால் சுண்ணம் கரைந்து பிளாஸ்டிக் திரும்பவும் வெளியே வந்துவிடுமே?"

சரியான கேள்வி. கழுவிய நீரைக் கிணற்றடியிலே ஊற்றக் கூடாது. பொருக்கை உலர்ந்தபடியே சுரண்டிக் குப்பையோடு சேர்த்துவிடுவது ஓரளவு நன்று என்றோம். ஆயினும் குப்பைக்குப் போனதும் அழிந்துவிடுவதில்லை. வடிகட்டுவதனால் பிளாஸ்டிக் எமது குவளையைவிட்டு நீங்குகின்றதேயன்றி உலகைவிட்டு நீங்குவதில்லை. அதனைக் குறைக்கும் வழி, கடைக்குப் போகும்போது வெறுங்கையோடு போகாமலிருப்பதிலே தொடங்குகின்றது.

நாம் விடைபெறும்போது நண்பரின் மனைவி பின்வளையில் மாட்டியிருந்த பழைய பனையோலை உமலை எடுத்துத் தூசி தட்டிக்கொண்டிருந்தார்.